முடிச்சில்லாத நூல்

9

தொகுஜிக்கு வயிற்றில் புண் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

புண் அல்ல என்பது மனைவி மிசாவோவுக்குத் தெரியும். அவனுடைய அக்கா கினுவுக்கும் தெரியும். டாக்டர் இரண்டு பெண்களையும் தனியறைக்கு அழைத்து, மரங்கள் துளிர்க்கும் வரை இருந்தால் அதிகம் என்று சொன்ன அன்று, மாடிப்படி இறங்கி முடிப்பதற்குள் கினு முடிவெடுத்துவிட்டாள். தம்பியிடம் சொல்லக் கூடாது. நகோயாவில் வேலை பார்க்கும் மகள் மசுமியிடமும் சொல்லக் கூடாது. அவளுக்கு முகத்தில் எதையும் மறைத்து வைக்கத் தெரியாது, அப்பாவைப் பார்த்த கணமே எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். மிசாவோ தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலின் கனத்தைத்தான் இத்தனை வாரமாக அவள் சுமந்து திரிகிறாள்.

மேலங்கி விஷயம் அதற்குப் பிறகு வந்தது.

அவுரி நீலத்தில், இரண்டு துணி சேர்த்துத் தைத்த வேலை மேலங்கி அது. பெர்சிமன் பழத் தோப்பில் கிளை கழிக்கப் போகும்போது தொகுஜி அதைத்தான் போடுவான். ஏணி சுமந்து சுமந்து தோள் இரண்டும் நைந்துபோயிருந்தன. முழங்கை இரண்டும் கிழிந்திருந்தன. வீட்டுக்கு வந்ததும் தோப்புக்குப் போக வேண்டும், அதற்குள் சரிசெய்து வை என்று ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தபடி சொன்னான். வெளியே கொடுத்துத் தைத்திருக்கலாம். தானே தைப்பதாக மிசாவோ சொல்லிவிட்டாள். பொத்தான் வைப்பதற்கும் காலுறை ஒட்டுவதற்கும் மேல் ஊசி பிடித்துப் பழக்கமில்லாதவள், ஊர்ச் சமுதாயக் கூடத்தில் புதன்கிழமை காலைகளில் நடக்கும் சாஷிகோ தையல் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள்.

இன்று புதன்கிழமை.

கூடத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் கெண்டி முனகிக்கொண்டிருந்தது. கடலிலிருந்து வரும் காற்று பனியைத் தரையோடு தரையாக அடித்துக்கொண்டு போனதில், கண்ணாடிக்கு வெளியே எதிர்வீடுகூடத் தெரியவில்லை. ஆனாலும் எல்லோரும் வந்திருந்தார்கள். வீட்டிலிருந்து வெளியே வர ஒரு காரணம் கிடைத்த பெண்கள், பனிக்காக அதை விடுவதில்லை.

முதல் சில வாரங்கள் எல்லோருக்கும் கைத்துணிதான். தட்டு துடைக்கிற வெள்ளைத் துணியில் சதுரமும் அலையும் வைரமுமாக ஓட்டுத்தையல் போட்டுப் பழகுவார்கள். தபால்காரரின் மனைவி சுகவாரா தன் கைத்துணியைத் தூக்கிக் காட்டினாள்.

"எங்க வீட்டுக்காரரு இதைப் பாத்துட்டு, இது தட்டு துடைக்கவா, கண்ணாடி போட்டு மாட்டவான்னு கேக்கறாரு. தட்டு துடைக்கிறவ கவலைப்படட்டும், நீங்க சும்மா இருங்கன்னுட்டேன்."

சிரிப்பு அடங்கியபோது மிசாவோ தன் பையிலிருந்து மேலங்கியை எடுத்து மேசைமேல் விரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்ததால் சில வாரங்கள் அவள் வகுப்புக்கு வரவில்லை. ஆனால் தையல் நிற்கவில்லை. தோள் இரண்டும் முடிந்திருந்தன. இடது முழங்கையும் முடிந்திருந்தது. நைந்த இடத்தில் உள்ளே ஒட்டு வைத்து, மேலே வெள்ளை நூலால் நெருக்கமாக, அரிசி இறைத்ததுபோல் சின்னச் சின்னக் குறுக்குத் தையல்கள். வலது முழங்கை மட்டும் பாக்கி.

சுகவாரா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். ஆரம்பிக்கும்போது அவளைவிட மோசமாகத் தைத்தவள் மிசாவோ.

வகுப்பு நடத்தும் இகராஷி, மிசாவோவைவிடச் சிறியவள். பேச்சு குறைவு. தோள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்து, நூலை நன்றாக நீவி விட்டிருக்கிறீர்கள், துணி எங்கும் சுருங்கவில்லை என்றாள். பிறகு மேலங்கியைத் திருப்பிப் போட்டாள்.

உள்பக்கத்துக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள். ஒரு தையல் வரிசையின் தொடக்கத்தை விரல் நுனியால் தேடினாள். அடுத்த வரிசை. அதற்கடுத்தது. பக்கத்தில் குனிந்து பார்த்த சுகவாரா மெல்ல நிமிர்ந்து, தன் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

"அக்கா, கைத்துணிக்கு முடிச்சு வேண்டாம்னு நான்தான் சொன்னேன்" என்றாள் இகராஷி, தாழ்ந்த குரலில். "துடைக்கும்போது உறுத்தும். ஆனா உடம்புல போடறதுக்கு அப்படியில்ல. ரெண்டு துணிக்கும் நடுவுல சின்னதா ஒரு முடிச்சு ஒளிச்சு வைப்போம். அதைச் சொன்ன அன்னிக்கு நீங்க வரல."

மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கடலோரச் சமவெளியில் பிறந்த பெண்கள் எல்லோருக்கும் தெரியும். மனிதன் உடம்பில் போடுகிற துணியை முடிச்சில்லாத நூலால் தைப்பது ஒரே ஒரு தடவைதான். இறந்தவருக்கு உடுத்தும் வெள்ளைத் துணிக்கு மட்டும்தான் முடிச்சு போடமாட்டார்கள். போகிறவரை எதுவும் இங்கே கட்டி வைக்கக் கூடாது.

பிரிக்க வேண்டாம், ஒவ்வொரு வரிசையிலும் நுனியை உள்ளே இழுத்து முடிச்சு போட்டால் போதும், எல்லோருமாக உட்கார்ந்தால் மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்று இகராஷி சொன்னாள். மற்ற பெண்கள் அதற்குள் ஊசியை எடுத்துவிட்டார்கள். மிசாவோ வேண்டாம் என்றாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றாள். அது உண்மைதான். ஆனால் அடுத்த பேருந்தும் உண்டு.

பேருந்து ஊர்ந்துதான் போனது. பனிக்காற்று வயல்களைக் கண்ணிலிருந்து அழித்துவிட்டிருந்தது. பனியில் வழி தெரியச் சாலையோரத்தில் நட்டிருந்த சிவப்புக் கம்பங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டு மறைந்தன. மிசாவோ மடியில் பையை வைத்துக்கொண்டு, மறந்துதான் செய்தேனா என்று யோசித்தாள்.

மாமியார் இறந்த குளிர்காலத்தில் அவள் கல்யாணமாகி வந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. உள்ளறையில் வெள்ளைத் துணியைச் சுற்றி வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தனியாகத் தைக்கக் கூடாது, ஆளுக்குக் கொஞ்சம் தைக்க வேண்டும் என்று ஊசியை அவளிடம் நீட்டியவள் கினுதான். புதுப்பெண்ணின் விரல் பழக்கதோஷத்தில் நூல் நுனியை முறுக்கப் போனபோது, கினு அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியின் குளிர்ச்சி இப்போதும் அவள் நினைவில் இருந்தது.

இப்படி நினைவிருக்கிற ஒருத்தி, கணவனின் மேலங்கியில் வரிசை வரிசையாக முடிச்சில்லாமல் தைத்திருக்கிறாள். தைக்கும்போது ஒரு முறைகூட அது உறுத்தவில்லை. சொல்லப்போனால், டாக்டரைப் பார்த்த நாளிலிருந்து அவள் மனம் அமைதியாக இருந்தது அந்த மேலங்கியைத் தைத்த பொழுதுகளில் மட்டும்தான். அதை நினைத்ததும் பையின் காதுகளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கொண்டுவந்து காட்டுகிறேன் என்று தொகுஜிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். வெளிப்பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு உடனே மடித்து வைத்துவிட வேண்டும். இரவு வீட்டில் முடிச்சு போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் ஆஸ்பத்திரியில் அவளுக்கு முன்பே கினு இருந்தாள்.

மீன் தலையும் ஈரலும் மிசோ என்ற சோயா விழுதில் கொதிக்க வைத்த சாறு ஃபிளாஸ்கில் வந்திருந்தது. தொகுஜி அதில் ஒரு கரண்டி குடித்ததாகவும், மீதியின்மேல் பக்கத்துக் கட்டில்காரர் கண் வைத்திருப்பதாகவும் கினு சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு டிவியில் சுமோ மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். தொகுஜி இளைத்திருந்தான். நேற்றைக்கு இன்று அப்படி இளைக்க முடியுமா என்று மிசாவோவுக்குத் தினமும் தோன்றும், இன்றும் தோன்றியது.

"கொண்டாந்தியா?" என்று கேட்டான்.

அவள் பையைத் திறப்பதற்குள் கினு வாங்கிக்கொண்டாள். கினுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் துணியைக் கையில் வாங்கினாலும் முதலில் பின்பக்கம் பார்ப்பாள். துணிக்கடையிலும் அப்படித்தான், அடுத்தவர் வீட்டு மெத்தையிலும் அப்படித்தான். மேலங்கியை வாங்கியதும் அவள் கை தானாகவே அதைத் திருப்பியது.

பார்த்தாள். மறுபடி பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் மடித்துக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு, கெண்டியில் வெந்நீர் இல்லை, வா எடுத்து வரலாம் என்று மிசாவோவின் முழங்கையைப் பிடித்தாள். கெண்டி நிறைந்திருந்தது.

நடைபாதையின் கோடியில், பச்சைத் தொலைபேசிக்குப் பக்கத்தில், கினு குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தாள். என்ன காரியம் செய்திருக்கிறாய் என்று கேட்டாள். டாக்டர் ஒன்று சொன்னால் அது அப்படியே நடந்துவிட வேண்டுமா, நாமே முன்னால் போய்ப் பாதை போட்டுக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டாள். வகுப்பில் கைத்துணிக்குச் சொல்லிக்கொடுத்ததையே இதற்கும் செய்துவிட்டேன் என்றாள் மிசாவோ.

"தட்டு துடைக்கிற துணியும் என் தம்பியும் ஒண்ணா உனக்கு?" என்றாள் கினு. "அம்மாவுக்கு நாம ரெண்டு பேரும் சேந்துதானே தச்சோம். மறந்துபோச்சா?"

ஒரு நர்ஸ் தள்ளுவண்டியோடு கடந்து போனாள். இருவரும் தலைகுனிந்து வழிவிட்டார்கள்.

"மறக்கல அண்ணி" என்றாள் மிசாவோ. "அதான் எனக்கே பயமா இருக்கு."

கினுவுக்கு வயதாகிவிட்டிருந்தது என்பதை மிசாவோ அப்போதுதான் கவனித்தாள். இவ்வளவு நாளும் அந்த ரகசியத்தைத் தான் மட்டுமே சுமப்பதாக எப்படி நினைத்தோம் என்று இருந்தது. கினு கண்ணைத் துடைக்கவில்லை, மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டாள். ஏதாவது சொல்லி மேலங்கியை எடுத்துக்கொண்டு கிளம்பு, அவன் கண்ணில் படக் கூடாது என்றாள்.

திரும்பி வந்தபோது தொகுஜி எழுந்து உட்கார்ந்திருந்தான்.

கால்மாட்டிலிருந்து மேலங்கியை எப்படி எட்டி எடுத்தான் என்று தெரியவில்லை. அவ்வளவு தூரம் குனிந்ததில் நெற்றி வியர்த்திருந்தது. போர்வைமேல் அதை உள்பக்கம் வெளியே தெரிய விரித்து வைத்திருந்தான். கட்டைவிரலால் ஒரு தையல் வரிசையை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை தடவிக்கொண்டே போனான். நுனியில் விரல் நின்றது. அடுத்த வரிசைக்குப் போனது.

கினு திரைச்சீலையை இழுத்து மூடினாள். கொண்டா, இன்னும் வேலை பாக்கி இருக்கிறது, அவசரத்தில் எடுத்து வந்துவிட்டாள் என்றாள். தொகுஜி கொடுக்கவில்லை.

"அம்மா செத்தப்போ நான் பக்கத்து ரூம்ல இருந்தேன்க்கா" என்றான். "கதவு கொஞ்சம் திறந்திருந்தது. நீங்க எல்லாரும் தச்சதை நான் பாத்துட்டுதான் இருந்தேன்."

பக்கத்துக் கட்டிலில் சுமோவின் ஆரவாரம் இயர்போனைத் தாண்டி மெல்லியதாகக் கசிந்தது.

மிசாவோ கட்டிலோரம் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். வகுப்பில் நடந்ததைச் சொன்னாள். வகுப்புக்குப் போகாத வாரங்களைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது எல்லாமே பொய்போலக் கேட்டது, அத்தனையும் உண்மையாக இருந்தும். மன்னித்துவிடுங்கள் என்றபோது அவள் தலை போர்வையைத் தொட்டது.

"நீ எதுக்கு மன்னிப்பு கேக்கற?" என்றான் தொகுஜி. "டாக்டர் என் மூஞ்சியைப் பாத்துப் பேசறதை விட்டு எவ்வளவு நாளாச்சு. உன்னைப் பாத்துதான் பேசறாரு. புத்தாண்டுக்குப் பனி ஜாஸ்தி, வராதேன்னு மசுமிகிட்ட சொல்லியிருக்கீங்க. இந்த ஊர்ல எந்தப் புத்தாண்டுக்குப் பனி பேயல?"

அவன் கோபமாகப் பேசவில்லை. விளைச்சல் எப்படி என்று யாராவது கேட்டால் பதில் சொல்கிற அதே குரல். மிசாவோவுக்கு அந்தக் குரலைத்தான் தாங்க முடியவில்லை. இத்தனை வாரமும் அவள் அவனிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தாள். அவனும் அவளிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்திருக்கிறான். இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே விஷயத்தோடு, தனித்தனியாக இருந்திருக்கிறார்கள்.

கினுதான் முதலில் அசைந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன், அவளைக் குறை சொல்லாதே என்றாள். தெரியும், இந்த வீட்டில் வேறு யார் உத்தரவு போடுவது என்றான் தொகுஜி. கினுவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

தொகுஜி மேலங்கியைத் திருப்பி வெளிப்பக்கம் வரச் செய்து, தோளில் இருந்த அரிசித் தையலை நெடுநேரம் பார்த்தான். நன்றாக வந்திருக்கிறது என்றான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மிசாவோவின் கைவேலையை அவன் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. பிறகு அக்காவிடம் நீட்டினான்.

"நீயும் கொஞ்சம் தை."

கினு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண் தெரியாது, கண்ணாடி கொண்டுவரவில்லை, நடுங்குகிற கையால் தைத்தால் அசிங்கமாக இருக்கும் என்று காரணங்களை அடுக்கினாள். தொகுஜி நீட்டிய கையை எடுக்கவில்லை. மேலங்கியின் கனத்தில் அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் கினு வாங்கினாள்.

மிசாவோ ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். கினுவின் கைப்பையில் கண்ணாடி இருந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நூலின் நுனியை ஆள்காட்டி விரலில் சுற்றி, கட்டைவிரலால் உருட்டி, ஒரு முடிச்சு போடப் போனாள்.

தொகுஜி அந்த விரலைப் பிடித்துக்கொண்டான்.

"முடிச்சு வேண்டாம்க்கா."

கினு அவனையே பார்த்தாள். நடைபாதையில் யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு நடந்து போவது கேட்டது. அந்தச் சத்தம் தூரத்தில் தேய்ந்து அடங்கும்வரை அவள் விரலும் அவன் விரலும் அப்படியே இருந்தன. பிறகு அவள் விரலை விரித்தாள். நூல் நேரானது.

முதுகுப்பக்கம், கழுத்துக்குக் கீழே, மெல்லிசாகிவிட்ட ஓர் இடத்தில் அவள் ஊசியை இறக்கினாள். தையல் பெரிது பெரிதாக விழுந்தது. தொகுஜி எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, நாத்து நடறியா?"

"வாயை மூடிட்டுப் படுடா" என்றாள் கினு. கண்ணாடிக்குள் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் தைப்பதை நிறுத்தவில்லை. வரிசை முடிந்ததும் நூலை அப்படியே விட்டு, நீவிவிட்டு, மிசாவோவிடம் ஊசியைக் கொடுத்தாள்.

மிசாவோ மேலங்கியின் வலது கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கிழிந்த முழங்கைக்கு ஒட்டுத்துணி பையில் இருந்தது.

"அதை விட்டுடு" என்றான் தொகுஜி. "அது மசுமிக்கு."

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளிடம் யார் சொல்வது என்று கினு கேட்டாள். இவ்வளவு நாள் யாரும் சொல்லக் கூடாது என்று காவல் காத்தவள், இப்போது யார் சொல்வது என்று கேட்பதை மிசாவோ கவனித்தாள். தானே சொல்வதாகத் தொகுஜி சொன்னான். இன்று அவளுக்கு வார விடுமுறை, வீட்டில்தான் இருப்பாள். அந்தத் தொலைபேசி வரை தன்னை நடத்திக் கூட்டிப்போனால் போதும்.

சக்கர நாற்காலி வேண்டாம் என்றுவிட்டான். மேலங்கியைத் தோளில் போட்டுக்கொண்டான். ஒருபக்கம் மிசாவோ, ஒருபக்கம் கினு. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடந்தான். எதிரில் வந்த நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூன்று முகங்களையும் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

மிசாவோ எண்களை அழுத்தினாள். மணி அடிக்கத் தொடங்கியதும் ரிசீவரை அவன் காதில் வைத்தாள். மசுமியின் குரல் வெளியேயும் கேட்டது. அப்பாவா, நீங்களா பேசுகிறீர்கள், நடக்கிறீர்களா, புண் ஆறிவிட்டதா என்று அவள் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தோஷக் குரல்.

தொகுஜி வாயைத் திறந்தான். மூடினான். சுவரில் சாய்ந்துகொண்டான். ம், ம் என்று மட்டும் சொன்னான். சாப்பிட்டாயா என்று கேட்டான். அங்கே குளிரா என்று கேட்டான். அவன் நெற்றியில் வியர்வை துளிர்த்து, புருவத்தில் இறங்கியது. மிசாவோ தன் கைக்குட்டையால் ஒற்றினாள்.

"மசுமி" என்றான் கடைசியில். "உனக்கு ஊசி பிடிக்கத் தெரியுமில்ல?"

மறுமுனையில் சிரிப்பு கேட்டது. அப்புறம் அது நின்றது. தொகுஜியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ரிசீவரை மிசாவோவிடம் நீட்டிவிட்டு, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மிசாவோ அதைக் காதில் வைத்தாள்.

"அம்மா" என்றாள் மசுமி. குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "அப்பா எதுக்கும்மா அதைக் கேக்கறாரு?"

மிசாவோ கினுவைப் பார்த்தாள். கினு இந்த முறை கண்ணால்கூட எதுவும் சொல்லவில்லை. தம்பியின் தோளிலிருந்து நழுவிய மேலங்கியைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள் மிசாவோ.